டிரைவர் நடந்த கதை

முப்பது வருஷத்துக்கு மேல் மதுரையில் டவுன் பஸ் ஓட்டியவன் நான். விளாங்குடிக்கும் சிம்மக்கல்லுக்கும் இடையில் எங்கே பள்ளம் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் ஆட்டோக்காரர்கள் குறுக்கே விழுவார்கள், மழை பெய்தால் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த ரோட்டில் நான் நடந்ததில்லை. வேலையில் இருந்தவரை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன், ரிட்டயரான பிறகு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அறுபத்து மூன்று வயதுவரை வாழ்க்கை உட்கார்ந்தபடியே ஓடிவிட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், சர்க்கரை பார்டரில் நிற்கிறது, உங்கள் பக்கத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று அனுப்பினார்கள். பார்டர் என்ற சொல் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இன்னும் தாண்டவில்லையே!

எங்கள் டாக்டர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார். என் அண்ணனுக்கு இருந்தது. செருப்புக் கடித்த புண் ஆறாமல் ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டதை நானே கவனித்தேன்.

"மாத்திரை இப்ப வேண்டாம். உடம்பு அசையணும், வயிறு கொஞ்சம் குறையணும். அது உங்க கையிலதான் இருக்கு. பக்கத்து ரூம்ல ஒரு மேடம் இருக்காங்க, அவங்ககிட்ட பேசிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

பக்கத்து அறையில் இருந்தவர் பிசியோதெரபி படித்த பெண். என் மகள் வயதுதான் இருக்கும். சர்க்கரை வரும் நிலையில் இருக்கும் வயதானவர்களுக்கு நடை, உடற்பயிற்சி பற்றி ஆலோசனை சொல்வது அவர் வேலை. சுவரில் படம் ஒட்டியிருப்பார், கையைத் தூக்கு காலைத் தூக்கு என்பார், தலையை ஆட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டார்.

"ஐயா, நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினேன். காபி குடித்தது, பேப்பர் படித்தது, டிவி பார்த்தது, சாப்பிட்டது, படுத்தது, மறுபடி டிவி. சொல்லச் சொல்ல எல்லாமே உட்கார்ந்தும் படுத்தும் செய்த காரியங்களாகவே வந்தன. சாயங்காலம் கடைக்குப் போனேன் என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். எப்படிப் போனீர்கள் என்று கேட்டார். ஸ்கூட்டரில்.

"நடக்கப் பிடிக்குமா?"

"பிடிக்காதும்மா" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. "சும்மா ரோட்டுல நடக்குறவனக் கண்டாலே எனக்கு ஆகாது. சர்வீஸ் பூரா அவங்ககூடத்தான் சண்ட. குறுக்க வருவாங்க, போன் பேசிக்கிட்டு நடுவுல நிப்பாங்க. இப்ப நானே அப்பிடி நடக்கணுமாக்கும்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, சும்மா நடக்க வேண்டாம். நடந்து போய்ச் சேர்ற மாதிரி ஓர் இடம் சொல்லுங்க. உங்களுக்குப் பிடிச்ச இடமா இருக்கணும்."

யோசித்தேன். விளாங்குடியில் எங்கள் வீட்டிலிருந்து அடுத்த ஸ்டாப்பில் ஒரு டீக்கடை. ரிட்டயரான டிரைவர், கண்டக்டர்கள் காலையில் அங்கே கூடுவார்கள். அதைச் சொன்னேன்.

"அங்க போய் டீயக் குடிங்க, சீனி இல்லாம. போறதும் வாரதும் நடந்து. வாரத்துல அஞ்சு நாள் போனா போதும். ஒரு ஸ்டாப்புதான?"

ஒரு ஸ்டாப் என்றால் பெரிய விஷயமா? நாளையே ஆரம்பிக்கிறேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வீட்டிலிருந்து கிளம்பி ரோட்டுக்கு வந்து இடது ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, பின்னால் ஹாரன் கேட்டது. பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, சீட்டிலிருந்து இடது பக்கம் சாய்ந்து கூப்பிட்டான், என்னிடம் தொழில் பழகிய பையன். இப்போது அவனே சீனியர் டிரைவர்.

"என்னண்ணே, வண்டி ரிப்பேரா? ஏறுங்க, ஏறுங்க!"

"இல்ல மாப்ள, சும்மா நடக்குறேன்."

"இந்த வெயில்லயா? நாங்க இருக்கையில நீங்க நடக்குறதா? ஏறுங்கண்ணே, பின்னாடி ஹாரன் அடிக்கான் பாருங்க."

பஸ்ஸுக்குள்ளிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். மறுக்க முடியாமல் ஏறிவிட்டேன். மறுநாள் வேறொருவன் நிறுத்தினான். அதற்கு அடுத்த நாள் மறுபடி முதலாமவன். எங்கள் ரூட் போகும் திண்டுக்கல் ரோட்டில் என்னைத் தெரியாத பஸ் கிடையாது. நடந்து போகக் கிளம்பியவன் தினமும் ராஜ மரியாதையோடு டீக்கடை வாசலில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை ஆலோசனைக்குப் போனபோது இதை அப்படியே சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இதுக்கு என்ன பண்ணலாம்? ரோட்டப் பத்தி என்னையவிட உங்களுக்குத்தான தெரியும். நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

யாரோ ஒரு பூட்டைக் கொடுத்துத் திறக்கச் சொன்னதுபோல் இருந்தது. உட்கார்ந்து யோசித்தேன். வழி எளிதுதான். நான் போகும் பக்கமே போகும் பஸ்தானே என்னை ஏற்றிக்கொள்ளும்? ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடந்தால் எந்த பஸ்ஸும் என்னை ஏற்ற முடியாது. நான் போக வேண்டிய திசைக்கு நேர் எதிராக அல்லவா அது போகும்! பின்னாலிருந்து வண்டி வந்து இடிக்குமோ என்ற பயமும் இல்லை, வருவது கண்ணுக்குத் தெரியும்.

"அருமை ஐயா. இத நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்கிறேன்" என்றார்.

அப்படித்தான் நான் நடக்க ஆரம்பித்தேன். பஸ்கள் எதிரே வரும்போது டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள், நான் கையைத் தூக்குவேன், அவ்வளவுதான். முதலில் வேட்டியும் செருப்புமாகப் போனேன். செருப்பு வேண்டாம், உங்கள் அண்ணன் விஷயம் மறந்துவிட்டதா, பாதத்தை முழுதாக மூடுகிற ஷூ போடுங்கள் என்றார் அந்தப் பெண். வேட்டிக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது என் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றைக்கே பேண்ட்டுக்கு மாறினேன்.

வேகம் எவ்வளவு என்பதற்கும் ஓர் அளவு சொல்லித் தந்திருந்தார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் மெதுவாக நடக்கிறோம், பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம். இதற்கு மிஷின் எதுவும் வேண்டாம். நான் யாரும் இல்லாத இடத்தில் ஒரு பழைய பாட்டை இழுத்துப் பார்ப்பேன். இரண்டாவது வரியில் மூச்சு அறுந்தால் சரியான வேகம். வீட்டில் நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியும் உண்டு. தொடையில் சதை வலுவானால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அது எடுத்துக்கொள்ளும் என்றார். டீசல் குடிக்கிற எஞ்சின் மாதிரியா என்று கேட்டேன். ஆமாம், நிறுத்தி வைத்த வண்டி டீசல் குடிக்காதல்லவா என்றார். எனக்குப் புரிகிற மாதிரி பேச அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஸ்டாப் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. பேண்ட் இடுப்பில் தளர்ந்தது. அதோடு என் புத்தியும் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். சித்திரை மாதம் ஒருநாள், சிம்மக்கல்வரை முழு ரூட்டையும் நடந்தே முடித்துக் காட்டுவது என்று கிளம்பினேன். யாருக்குக் காட்ட என்று நான் யோசிக்கவே இல்லை. பேப்பர் படித்து முடித்துக் கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் பாட்டில் எடுக்கவில்லை. ஓட்டின காலத்தில் டிரிப் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டுமே என்று ஒரு பதற்றம் இருக்குமே, அது எப்படியோ காலுக்குள் வந்து புகுந்துகொண்டது. பாட்டு இருக்கட்டும், பேச்சே வராத வேகத்தில் போனேன்.

ஆரப்பாளையம் நெருங்கும்போது ரோடு மஞ்சளாகத் தெரிந்தது. காதுக்குள் கொய்யென்று சத்தம். பஸ் ஸ்டாப் பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த ஓர் அம்மா தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் என் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினார்.

என் மனைவி ஆட்டோ பிடித்து வந்தாள். ரோட்டின் எதிர்ப்பக்கம் இறங்கி, கடந்து என்னிடம் வந்தாள். வந்ததும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்ட அவளுக்கு மூச்சு இல்லை. ஒரு ரோட்டைக் கடந்து வந்ததற்கே முகம் வியர்த்து, தூணைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கினாள். முழங்காலை ஒரு கை அழுத்திக்கொண்டிருந்தது.

தலைசுற்றலோடு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அன்றைக்கு அவளைப் பார்த்த மாதிரி அதற்கு முன் எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை. பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை அவள் தைப்பதுதான். என் டீயும் அவள் டீயும் ஒரே பாத்திரத்தில் கொதித்தவை. எனக்கு வந்த பார்டர் அவளுக்கு மட்டும் வராதா?

"உனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்" என்றேன்.

"மயக்கம் போட்டது நீங்க. பரிசோதன எனக்கா?" என்றாள்.

அன்றே டாக்டரிடம் போனோம். எனக்கு வெயிலும் தண்ணீர் இல்லாததும்தான் காரணம், நெஞ்சில் கோளாறு இல்லை என்று பார்த்துச் சொன்னார். வற்புறுத்தி அவளுக்கும் ரத்தம் கொடுக்க வைத்தேன். முடிவு வந்தபோது அவளும் பார்டரில்தான் நின்றாள். என்னைவிட ஒரு படி மேலேயே.

ஆலோசனை அறைக்கு இரண்டு பேருமாகப் போனோம். என் சிம்மக்கல் பயணத்தைப் பற்றி அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. "வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, கையில தண்ணியோட, பேசிக்கிட்டே போற வேகத்துல. டிரிப் ஷீட் யாரும் கேக்கப் போறதில்லையே ஐயா" என்றார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார்.

"எனக்கு ஏது நேரம்? வீட்டு வேல, தையல் வேல. முழங்கால் வேற வலிக்குது" என்றாள் அவள்.

நான் பேச ஆரம்பித்தேன். எந்த ஓரமாக நடக்க வேண்டும், எந்த ஷூ வாங்க வேண்டும், நான் எப்படிச் செய்தேன் என்று. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்களேன்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவில்லை, திரைதான். பேச்சு அப்படியே கேட்டது. முழங்காலைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி எல்லாம் பேசினார்கள். பிறகு, "சாரோட சேந்து நடக்கலாமே?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"அவுககூட நான் நடக்க மாட்டேம்மா" என்றாள் என் மனைவி. குரலில் கோபமில்லை, ஒரு தகவலைச் சொல்வதுபோல் சொன்னாள். "அவுக முன்னாடி போயிருவாக. கல்யாணமான புதுசுல பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனாக. அவுக பாட்டுக்கு விறுவிறுன்னு போறாக, நான் பின்னாடியே ஓடுறேன். ஒரு வெள்ளச் சட்டையப் பாத்துக்கிட்டே ரொம்ப தூரம் போயிட்டேன். திரும்பினா அது வேற யாரோ. அன்னைக்கு அழுதேன். அதுலருந்து எங்க போறதுனாலும் பஸ்ஸு, ஆட்டோதான். நடக்குறது கிடையாது."

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நினைவில் இருந்தது ஜிலேபியும் ராட்டினமும்தான். அவள் அழுதது நினைவில் இல்லை.

"சரி, அவர விட்ருவோம். உங்களுக்கு எப்பிடி நடந்தா பிடிக்கும்?" என்றார் அந்தப் பெண்.

என் மனைவி, "பேசிக்கிட்டு நடந்தா பிடிக்கும்" என்றாள்.

எதிர்வீட்டில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா இருக்கிறார். அவரோடு கண்மாய்க்கரையில் காலையில் நடப்பது என்று ஏற்பாடாயிற்று. முதலில் கரை தொடங்கும் இடத்திலிருந்து வேப்பமரம்வரை மட்டும். முழங்காலைச் சுற்றியுள்ள சதைக்கு வலுவேற, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் உண்டு. தையலுக்கும் ஒரு கணக்கு வைத்துக் கொடுத்தார் அந்தப் பெண். ரவிக்கையில் ஒரு கை தைத்து முடித்ததும் எழுந்து சமையலறைவரை போய்விட்டு வர வேண்டும், அதன் பிறகுதான் அடுத்த கை. "அப்ப இடது கைக்கும் வலது கைக்கும் நடுவுல ஒரு நடை" என்று என் மனைவி சொல்லிச் சிரித்தாள்.

அவள் கண்மாய்க்கரையில், நான் ரோட்டில் என்று சில மாதங்கள் போயின. ஒரே நேரத்தில் கிளம்பி வாசலில் பிரிவோம். சேலைக்குக் கீழே அவள் போட்டிருந்த ஷூவைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்துவிடாமல் ஜாக்கிரதையாக இருந்தேன். வேப்பமரத்தைத் தாண்டி மடைவரை போனோம் என்று ஒருநாள் வந்து சொன்னாள். பிறகு ஒருநாள் தானே பஸ் ஏறிச் சிம்மக்கல் போய், கடை கடையாக நடந்து, நூலும் லைனிங் துணியும் வாங்கி வந்தாள். அதற்கு முன்பெல்லாம் நான்தான் வாங்கி வருவேன், நிறம் தப்பாக இருக்கும்.

மார்கழியில் டீச்சரம்மா தன் மகள் வீட்டுக்குப் போனார். கண்மாய்க்கரையில் நாய்கள் இருக்கும், தனியாகப் போகப் பயம். அவர் கிளம்பிய அன்று சாயங்காலம் என் மனைவி கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு நீங்க வாரீகளா?"

"வாரேன்."

"முன்னாடி போகக் கூடாது."

"போகல."

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் காலுக்குத் தனியாக நடந்தே பழக்கம். ஏதோ யோசனையில் நடந்துகொண்டிருந்தவன் பக்கத்தில் ஆள் இல்லை என்று உணர்ந்து திரும்பிப் பார்த்தேன். அவள் தூரத்தில் கரைமேல் அசையாமல் நின்றிருந்தாள். கூப்பிட்டேன், வரவில்லை.

"நான் இங்கனதான் நிப்பேன். நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள் சத்தமாக.

திரும்பி நடந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, அவள் காலைப் பார்த்து, அது எடுத்து வைக்கும்போது நானும் எடுத்து வைத்தேன். முதல் நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவளே வேகத்தைக் கூட்டினாள். பேச முடிகிற, பாட முடியாத வேகம் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். பேசவும் நிறைய இருந்தது. மெயின் ரோட்டில் தனியாகத் தையல் கடை போட அவளுக்கு ஒரு காலத்தில் ஆசை இருந்ததாம். அதைக் கேட்க வரும்போதெல்லாம் நான் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பேனாம், அப்படியே விட்டுவிட்டாளாம். ஒருமுறை பாலத்தில் பிரேக் பிடிக்காமல் போனதையும், பஸ் நிற்கும்வரை அவள் முகம்தான் ஞாபகம் வந்ததையும் நான் சொன்னேன். வீட்டுக்குள் இதையெல்லாம் பேசியதில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சொல்லக் கூச்சமாக இருந்த விஷயங்கள், பக்கம் பக்கமாக நடக்கும்போது சுலபமாக வந்தன.

தை மாதம் இரண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எனக்கு பார்டருக்குக் கீழே வந்துவிட்டது. அவளுக்கு நன்றாக இறங்கியிருந்தது, ஆனால் இன்னும் பார்டரைவிட்டு வெளியே வரவில்லை. டாக்டர் திருப்திப்பட்டார். அந்தப் பெண் என் மனைவியிடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

"படி ஏறுறேம்மா. கைப்பிடியப் பிடிக்கிறதில்ல" என்றாள் அவள். அதைச் சொல்லும்போது முகத்தில் இருந்த தெளிவு எந்தப் பரிசோதனைச் சீட்டிலும் வராது. எனக்கு அவள் சர்க்கரை அளவைப் பற்றிக் கவலை இல்லை. அது இறங்கும். இறங்காவிட்டாலும் அவள் நடப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போனோம். குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. சுற்றிலும் நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், இட்லிக்கடை வெளிச்சம். இரண்டு பேரும் பேசிக்கொண்டே சுற்றி வந்தோம். மறுபடி கிளம்பிய இடத்துக்கு வந்ததும் எனக்குக் காபி குடித்தால் தேவலை என்று இருந்தது.

"போதும், உக்காருவோமா?" என்றேன்.

"நீங்க உக்காருங்க. நான் இன்னொரு சுத்துப் போயிட்டு வாரேன்."

கல்சுவரில் உட்கார்ந்தேன். அவள் கூட்டத்துக்குள் போனாள். அரக்கு நிறச் சேலை கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு கோவில் பக்கம் திரும்பி மறைந்தது. மைய மண்டபத்துக்கு அந்தப் பக்கம் கரையில் தெரிந்த உருவங்களில் எது அவள் என்று தேடினேன். கண் ஆபரேஷன் ஆகியிருந்தது நல்லதாகப் போயிற்று. கண்டுபிடித்துவிட்டேன். யாரோ ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு, கையை வீசி வீசிச் சொல்லிக்கொண்டு, நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தாள்.

என் பக்கம் வந்ததும் நின்றுவிடுவாள் என்று எழுந்தேன். அவள் நிற்கவில்லை. அந்தப் பெண்ணிடம் என்னைக் காட்டி, "எங்க வீட்டுக்காரரு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "காபி வாங்கி வைங்க, சீனி வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே கடந்து போய்விட்டாள்.